நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த படம்

அக்காவின் நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத நானே தகுதியானவன் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். படித்து முடித்ததும் அந்த முடிவுக்காக வருந்துவார்கள்.

அக்கா பிறந்தது தேவதானத்தில். அம்மா சீக்கிரமே காலமானதால் பதினாறு வயதில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்ட் முழுக்க நின்றபடி அறுந்த நூலை ஒட்டும் வேலை. அந்தக் கால்கள் நின்றதால்தான் நான் எக்ஸ்ரே படிப்பு படித்தேன். எனக்கு அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்த பிறகே, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து அத்தானை மணந்தார்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருக்கு எந்தப் படம் எடுத்தாலும், டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும், என் கைக்கு வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன். எனக்கு ஓய்வு கொடுக்காத ஒரே பதவி அது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வலது தொடையில் ஒரு தடிப்பைக் காட்டினார். எக்ஸ்ரே படத்தையும், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டையும் நீட்டினார்.

"எலும்பு சுத்தமா இருக்கு. மில்லுல நின்ன காலு, சதை இறுகிப்போச்சு. மெஷின் இருந்தா எல்லாருக்கும் எழுதத்தான் செய்வாக" என்றேன்.

"அம்புட்டுதானா? வலியில்லை. ஆனா வளருற மாதிரி இருக்குலே."

"நான் பாக்காத படமாக்கா?"

"ஐகோர்ட்டே சொல்லிருச்சு, பொறவென்ன!" என்று சிரித்து, சீட்டை மடித்து பீரோவில் வைத்தார். அத்தான் இரண்டு முறை நினைவூட்டினாராம். "எந்தம்பி பாத்துட்டான்" என்பதே இரண்டு முறையும் பதில்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். சதைக்குள் வளர்வது தெரியாது. பணிக்காலம் முழுக்க நோயாளிகளிடம் இதையே சொல்லி அடுத்த படத்துக்கு அனுப்பியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஐந்து மாதம் கழித்து, தடிப்பு நன்றாகப் பெருத்த பிறகு, மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குறுக்கே வெட்டி வைத்ததுபோல் இரண்டு தொடைகளும் ஒரே படத்தில். இடது தொடையில் தசைகள் கருஞ்சாம்பல் நிறத்தில் தனித்தனியாக, ஒழுங்காக இருந்தன. வலது தொடையில் அதே தசைகளை ஓரத்துக்கு நெருக்கிவிட்டு வெள்ளையாக ஒரு கட்டி.

"அந்த வெள்ளையா மாப்ளே?" என்றார் அத்தான். அதைக் காண எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. அதற்குள் புற்றுநோய் நுரையீரலுக்கும் போயிருந்தது.

கடைசி வாரம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்தார்.

"ஏலே, புதுசா எடுத்திருக்காக. செத்த பாத்துச் சொல்லு."

என் கை எழவில்லை. "டாக்டர் சொல்லுவாருக்கா" என்றேன்.

"ஏன், ஐகோர்ட்டு லீவா?"

மன்னிப்பு அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. அதைத்தான் இங்கே, அவர் படிக்க முடியாத இடத்தில் கேட்கிறேன்.

இரவு பகலாகக் கூட இருந்த அத்தானுக்கும், புண் கட்டிய செவிலியருக்கும், கஞ்சி கொண்டுவந்த மடவார் வளாகத்துப் பெண்களுக்கும் குடும்பத்தின் நன்றி. அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்த முதல் படியில், இந்தப் பட்டியலின் தலையில் 'மருத்துவ ஆலோசனை' என்று என் பெயர் இருந்தது. அடித்துவிட்டேன்.

உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம். டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் அன்றே போங்கள். படத்தை அவரிடமே காட்டுங்கள். என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

— தம்பி