சொல்லாமத் தொடாதீங்க

பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் தமயந்தியைப் பயந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓடைப்பக்கம் காட்டுமாடு நின்றால் மற்றப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவள் அது விலகும்வரை அசையாமல் நிற்பாள். அப்படிப்பட்டவள் இரண்டாவது முறை கர்ப்பமானதும் தூக்கத்தில் அலற ஆரம்பித்தாள்.

மூத்தவள் பிறந்தபோது நடந்ததுதான் காரணம். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருத்தி முழங்கையை வயிற்றில் ஊன்றி அழுத்தினாள். இன்னொருத்தி "கத்தாதடி" என்று தொடையில் அறைந்தாள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. கீழே கத்தரித்துத் தைத்திருக்கிறார்கள் என்பதே, வீட்டுக்கு வந்து உட்கார முடியாமல் போனபோதுதான் தெரிந்தது.

அதனால் இந்த முறை வலி கண்டதும் கணவன் வேலப்பனிடம் முதுகுவலி என்று சொல்லி மறைத்தாள். அவன் மிளகு பறிக்கப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வந்தவன் தட்டினான்.

"ஏ புள்ள, கதவத் தொற!"

"நீங்க போங்க. நானே பெத்துக்கிடுறேன்."

சொல்லி முடிக்குமுன் பனிக்குடம் உடைந்தது. தரையில் பரவிய நீர் பச்சையாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. தவழ்ந்துபோய்த் தாழை நீக்கினாள்.

ஜீப்பில் மலையிறங்கும்போது, "அந்த எடம் வேணாம்" என்பதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வேலப்பன் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே கையுறை போட்ட கை ஒன்று நெருங்கியதும் கால்களை இறுக்கிக்கொண்டு கத்தினாள். "சொல்லாமத் தொடாதீங்க!"

அறை விழும் என்று கண்ணை மூடினாள். விழவில்லை.

"சரிம்மா, தொடல. நான் டாக்டர் ஷர்மிளா. பிள்ள உள்ளயே மலம் கழிச்சிருச்சு. நெஞ்சுத் துடிப்பு அப்பப்ப கொறையுது. வழி எவ்வளவு தொறந்திருக்குன்னு கைய வச்சுப் பாக்கணும். பாக்கட்டுமா?"

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. தலையாட்டினாள்.

"பாதிகூடத் தொறக்கல. ஒருக்களிச்சுப் படுத்துக் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். இல்லேன்னா இப்பவே ஆபரேஷன். நான் ஆபரேஷன்தான் சொல்லுவேன்."

"பொறுத்தா?"

"நல்லாவும் பொறக்கலாம். துடிப்பு இன்னும் எறங்குனா நமக்கு நேரம் பத்தாது."

"அறுத்தா எனக்கு?"

"ரத்தம் அதிகமாப் போகலாம். புண்ணு ஆற நாளாகும். அடுத்த பிரசவத்துலயும் கவனமா இருக்கணும்."

"எது நல்லதோ நீங்களே செஞ்சிருங்க டாக்டர்" என்றான் வேலப்பன்.

"இருங்க. என்னையத்தானே கேக்குறாங்க?" ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அறுத்துருங்க. ஆனா என்ன செய்யிறீங்கன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஒரு நர்ஸ் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "இப்ப வயித்த அழுத்துவாங்க. வலிக்காது, இழுக்கிற மாதிரி இருக்கும்." அழுத்துவாங்க என்றதும் தமயந்திக்கு வேர்த்து ஊற்றியது. நர்ஸின் கையை நகம் பதியப் பற்றினாள். பிள்ளையை எடுத்தார்கள். சத்தமே இல்லை.

"ஏன் அழுகல? எங்கிட்ட மறைக்காதீங்க!"

"மூச்சு விடல. விட வைக்கிறாங்க. இன்னும் எனக்கும் தெரியல தாயி."

அந்த நேரம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. பிறகு மூலையிலிருந்து கம்மலாக ஓர் அழுகை வந்தது.

ஆண்பிள்ளை. சில நாள் தனி அறையில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தான். குழாயை எடுத்த பிறகு நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"வாங்கிக்கிறீங்களா?"

"குடுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.