செயின் உரசல் நின்ற மறுநாள்

மூன்று வாரமாக நான் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

காரணம் என் சைக்கிள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக். ஹேண்டில்பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்து, டயர் ரெண்டு விரல் தண்டிக்கு இருக்குமே, அது.

மிதித்தால் கர்ர்ர்ர்.

நான் விடியும் முன்னே கிளம்புவதே யார் கண்ணிலும் படாமல் போய் வரத்தான். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் ஒரு மணி நேரம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் எனக்கே எனக்கு என்று இருப்பது அவ்வளவுதான். (இந்தப் பதிவிலும் போட்டோ கிடையாது. கேட்காதீர்கள்.)

இப்போதோ பால் வாங்கப் போனால், "இன்னைக்கி பத்து நிமிஷம் லேட்டாட்டம் இருக்குது" என்கிறார் பால்காரர்.

சைக்கிள் கடைக்குப் போனேன். கடை அண்ணன் ஸ்பேனரும் கையுமாக வண்டியை ரெண்டு சுற்று சுற்றி வந்தார். முன்னால் இருக்கிற ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவே செயினைத் தள்ளிவிடும் சின்ன இரும்புக் கூண்டைக் காட்டினார். ஃப்ரன்ட் டீரெய்லர் என்பது அதுதான். செயின் அதன் வெளித்தகட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"இத்தக் கழட்டிப் போட்டுட்டா சத்தம் வராது பாப்பா."

"கழட்டிட்டா முன் கியர் மாத்த முடியாதேண்ணா."

"எதுக்கு மாத்தணும்? மலையா ஏறப் போற? நம்மூர்ல மலை பேர்லதான இருக்குது."

(பழமலை என்று ஊருக்குப் பழைய பேர். மலையை இன்னும் தேடுகிறோம்.)

சரி, நாமே பார்ப்போம் என்று வீடியோக்களில் உட்கார்ந்தேன். கூண்டின் மேல் ரெண்டு ஸ்க்ரூ. ஒன்று கூண்டு உள்பக்கம் எவ்வளவு வரலாம் என்பதற்கு, இன்னொன்று வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்பதற்கு. நான் ஒரு வாரம் முழுக்கத் தப்பான ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் அப்படியே இருந்தது. செயின் மட்டும் உள்பக்கம் கழன்று விழுந்து, அதை மாட்டி மாட்டிக் கிரீஸ் ஏறிய என் நகத்தையே ஆபீஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படிக் கம்பியில் சீட்டின் மூக்கை மாட்டிப் பின் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினேன். ஒரு கையில் பெடல், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர்.

எதிர் வீட்டு மல்லிகா அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். செராமிக் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற கப்பை விரலால் சுண்டுவார். சத்தத்தை வைத்தே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அன்று வரை நாங்கள் பேசியதெல்லாம் "சாப்டாச்சா", "ஆச்சுக்கா" அளவுதான்.

"என்னா, ஆட்ட உரிக்கறாப்ல தொங்க வுட்டுட்ட?"

"சத்தத்த நிறுத்தப் பாக்கறன்க்கா. தெனம் உங்க தூக்கத்தையும் கெடுக்கறன்ல?"

"எனக்கென்னா? இப்பல்லாம் அஞ்சேகாலுக்கு டான்னு தானா முழிப்பு வந்துடுது. அலாரமே வெக்கறதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்து."

சுற்றினேன். வெளிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கால் திருப்பு தளர்த்தினேன்.

"கொறையுது. இன்னும் கொஞ்சூண்டு."

இன்னொரு கால் திருப்பு.

"போதும். உரசல் நின்னுடுச்சி."

"எங்கக்கா நின்னுச்சி? கேக்குதே!"

"அது வேற. உரசறது ஒன்னு, இடிக்கறது ஒன்னு. பெடலு ஒரு சுத்து சுத்துனா ஒரு தபாதான் வருது பாரு, டிக்குனு."

குனிந்து பார்த்தேன். கூண்டில் மாட்டியிருந்த கியர் கேபிளின் வால், மிச்சம் ஒரு விரல் நீளம், வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் தண்டு அதைத் தட்டிவிட்டுப் போனது. ரெண்டு சத்தத்தை மூன்று வாரமாக ஒரே சத்தம் என்று நினைத்திருக்கிறேன். கவனித்துக் கேட்பது எப்படி என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான்.

வாலை உள்பக்கமாக மடக்கிவிட்டேன். சுற்றினேன். ஒன்றுமே கேட்கவில்லை.

அக்கா எழுந்து வந்து சைக்கிள் கம்பியை விரலால் சுண்டினார். ணங்.

"விரிசல் இல்ல. பாஸ்."

திங்கட்கிழமை காலை பால்காரர் கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் டயர் ஓடும் சத்தமும் என் மூச்சும்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆறேகாலுக்குத் தெருவுக்குள் நுழைந்தால், வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி மல்லிகா அக்கா அரக்கப்பரக்க ஓடி வருகிறார்.

"ஏய், இப்பதான் கெளம்பறியா?"

"போயிட்டு வந்துட்டன்க்கா. சத்தமே இல்ல தெரியுமா?"

அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி. அதான் நான் எந்திரிக்கல!"

ஆறு மணிக்கே கம்பெனி வேன் போய்விட்டது. என் சைக்கிளுக்கு கேரியர் கிடையாது. அம்மாவின் ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

வழியில் பின்னாலிருந்து கேட்டார். "அந்த ஸ்க்ரூவ கொஞ்சூண்டு திருப்பி வுட்டுடேன்."

"போன்ல அலாரம் வைங்கக்கா."

"வெச்சா அணைச்சிட்டுத் தூங்கிடுவன். உன்ன அணைக்க முடியாதுல்ல?"

யாருக்கும் தெரியாமல் போவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் என்னை நம்பித் தூங்கியிருக்கிறார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஸ்க்ரூவை நான் தொடவில்லை.

இன்று காலை அஞ்சேகால். சைக்கிளைச் சத்தமில்லாமல் இறக்கி, எதிர் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். இரும்பு கேட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். ணங்.

உள்ளேயிருந்து தூக்கம் கலையாத குரல் வந்தது.

"பாஸ். போ."