நடுத்துண்டில் விழுந்த பந்து

நடுவரே இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடலாம் என்ற யோசனை, ஏழாவது படிக்கும்போது அம்மாவின் செல்போனில் ஒரு கோல்ஃப் வீடியோ பார்த்தபோது வந்தது. ஒருவர் பந்தை அடிக்கக் குனிகிறார், நிமிர்கிறார், கையைத் தூக்குகிறார். மட்டை பட்டுப் பந்து அசைந்துவிட்டது, என் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். அடி கூடினால் அவருக்குத்தான் நஷ்டம், பந்து அசைந்ததை வேறு யாரும் பார்க்கவுமில்லை. எங்கள் ஊர் கிரிக்கெட்டில் ஸ்டம்பு பறந்தாலே காற்றுக்கு விழுந்தது என்பார்கள். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளே பெரியப்பா மகனைப் பிடித்தேன். என்னைவிட மூத்தவன், எனக்கு அண்ணன். கொல்லை என்று நாங்கள் சொல்லும் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடிந்திருந்தது. குழி தோண்டிக் கொட்டாங்குச்சி புதைத்தோம், தென்னை மட்டையைச் செதுக்கினோம். சட்டம் இரண்டுதான். தப்பு செய்தவனே அதைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பெரியப்பா கொல்லைக்குள் பந்து போனால் அவுட், ஓர் அடி கூடும். அங்கே மக்காச்சோளம் நின்றது, மிதித்தால் உதை விழும்.

இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. எல்லைக்கல் எப்போதோ காணாமல் போயிருந்தது. துண்டு தன்னுடையது என்று அப்பா சொன்னார், தன்னுடையது என்று பெரியப்பா சொன்னார். அதனால் அதை யாரும் உழவில்லை, அண்ணன் தம்பியான அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் வழக்கம்போலக் குழம்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டம் போட்டபோது அந்தத் துண்டு எங்கள் ஞாபகத்திலேயே இல்லை.

கடைசிக் குழிக்கு இருவரும் சமமாக வந்தோம். நான் அடித்த பந்து ஒரு மண்ணாங்கட்டியில் பட்டு எகிறி, சரியாக அந்தத் துண்டில் போய் நின்றது. அப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். பெரியப்பா சோளத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ளதான்டா கீது, அடி,” என்றான் அண்ணன்.

எனக்கு வீடியோ மனுஷன் நினைவுக்கு வந்துவிட்டார். “இல்லண்ணா, அவுட்டு. இது உங்க கொல்ல.”

அவனும் அந்த வீடியோவைப் பார்த்தவன்தான். தங்கள் கொல்லை சோளத்தோடு முடிந்துபோகிறது, துண்டு எங்களுடையது, பேசாமல் அடி என்று மல்லுக்கு நின்றான். நான் விடவில்லை. யார் பெரிய யோக்கியன் என்று சத்தம் ஏறியது.

சோளத்தை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். அப்பா பக்கம் திரும்பாமல், வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “சின்ன புள்ளையே சொல்லிட்டான். கேக்க வேண்டியவங்க கேட்டுக்கினா சரி.”

அப்பா மோட்டார் குழாயிடம் சொன்னார்: “பெரிய புள்ள இன்னா சொன்னான்னும் கேட்டுக்கச் சொல்லு.”

பிறகு அவரவர் பிள்ளையின் காதை அவரவர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டம் அப்படியே நின்றது.

வீட்டில் அப்பா, உன்னை யார் கேட்டது என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓர் அடி கூடினாலும் அடுத்த அடியில் குழியில் போட்டுவிடுவேன், ஜெயிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நான் பொறுமையாக விளக்கினேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கோல்ஃப் சட்டம் அப்பாவுக்குப் புரியவில்லை என்றுதான் நினைத்தேன். அவர்கள் இருவரும் விட முடியாததை நாங்கள் இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தோம் என்பது, கள்ளக்குறிச்சிக்குக் கல்லூரி போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

துண்டு இன்னும் தரிசாகத்தான் கிடக்கிறது. இந்த வாரம் மல்லாட்டை பிடுங்கியாயிற்று. ஓசூரில் வேலையிலிருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கடைசிக் குழியை இந்தத் தடவை அந்தத் துண்டிலேயே தோண்டலாம் என்றேன், சரி என்றான். அவன் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும், நான் அப்பாவிடம். நாளைக் காலையில், அவர் மோட்டார் போடப் போகும்போது, கூடவே போய்க் கேட்கப் போகிறேன்.