பதின்மூன்றாம் இலக்க ஃபில்ரர்

இந்தக் குளிர்நாட்டின் மோர்னிங்சைட்டில் நான் குடியிருக்கும் வீட்டில் மேலே இருப்பவர்களும் கீழே இருக்கும் நானும் ஒரே காற்றையே மாறி மாறிச் சுவாசிக்கிறோம். நிலத்துக்குக் கீழே, என் பேஸ்மென்ற் அறைக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபேர்னஸ் வீட்டுக் காற்றை இழுத்து, காஸ் நெருப்பில் சூடாக்கி, தரையிலுள்ள துவாரங்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. ஊரில், கிளிநொச்சியில், எங்கள் அடுப்புப் புகை கூரைக்கு மேலே போனால் போனதுதான். இங்கே நான் வறுத்த மிளகாய் மேல்மாடிப் படுக்கையறை வரை போய், தும்மலாகத் திரும்பி வந்தது.

"பிள்ளை, தூளுக்கு வறுக்கிறியோ, இல்லாட்டி எங்களை வீட்டை விட்டுக் கலைக்கிறியோ?" வீட்டுக்கார அன்ரி படிக்கட்டில் நின்று மூக்கைப் பொத்தியபடி கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சுட்டது.

மிளகாய் நெடியை மறிக்க ஏதாவது வாங்கலாம் என்று அடுத்த நாள் கடைக்குப் போனேன். ஃபேர்னஸுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்ரர்கள் எட்டு, பதினொன்று, பதின்மூன்று என்ற இலக்கங்களோடு அடுக்கியிருந்தன. "உங்கள் ஃபேர்னஸ் எவ்வளவு பழையது?" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். பேஸ்மென்றில் இருப்பவளுக்கு மலிவானது போதும் என்று நினைக்கிறார் என எடுத்துக்கொண்டேன். "விலை பிரச்சினையில்லை" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு வழிவிட்டார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கூடிய இலக்கம் எப்போதும் நல்ல இலக்கம். பதின்மூன்றை வாங்கிவந்து மாட்டினேன்.

சில நாட்களில் பெருங்குளிர் வந்தது. ஃபேர்னஸ் எரியும்; கொஞ்ச நேரத்தில் நெருப்பு அணைந்து விசிறி மட்டும் ஓடும்; ஆறிய காற்று வரும்; பிறகு மறுபடி எரியும். "நீ படிச்ச பிள்ளை, மெசினிலை என்னவோ எழுதியிருக்கு, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று அன்ரி கீழே இறங்கி வந்தார். ஃபேர்னஸ் மூடியிலிருந்த சிறு கண்ணாடிக்குள் ஒரு விளக்கு நான்கு முறை மினுங்கி நின்றது. மூடியில் ஒட்டியிருந்த பட்டியலில் நான்கு மினுங்கலுக்கு நேரே, அளவுக்கு மீறிய சூடு, காற்றோட்டம் தடைப்பட்டிருக்கலாம் என்றும், ஃபில்ரர், துவாரங்கள், விசிறி ஆகியவற்றைப் பார்க்கும்படியும் எழுதியிருந்தது. பார்க்கச் சொன்னவற்றில் முதலாவதான ஃபில்ரரைத் தாண்டிப் போனேன். துவாரங்கள் எல்லாம் திறந்தே இருந்தன. "ஃபில்ரர் புதுசு அன்ரி. மெசின்தான் பழுது."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கைநாட்டு வைப்பவர். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் நான் வாசித்ததுதான் அதன் பொருள். விளங்காத வரிகளை நிதானமான குரலில் இட்டுக்கட்டியும் வாசித்திருக்கிறேன். சரிபார்க்க அங்கே எவரும் இருக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு ஃபேர்னஸ் விற்பனையாளன் கதவைத் தட்டினான். மெசினைத் திறந்தும் பாராமல், புதியது போடவேண்டும் என்றான். பத்து வருட ஒப்பந்தம். கையெழுத்துக்காக அவன் நீட்டிய ரப்லெற் திரையின் மேல் அன்ரியின் விரல் நின்றது. "என்ன பிள்ளை, போடட்டோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி."

கீழே ஓடி, சுவிட்சை நிறுத்தி, ஃபில்ரரை இழுத்தேன். அது உட்பக்கமாக வில்லுப்போல் வளைந்திருந்தது. அதில் தூசிகூட அதிகமில்லை. காற்றே நுழைய முடியாத நெருக்கம். சோதித்துப் பார்ப்பதற்காக அது இல்லாமல் ஓடவிட்டேன். கால்மணி நேரமாகியும் நெருப்பு அணையவில்லை. மேலே விற்பனையாளனின் சப்பாத்து பொறுமையிழந்து தரையைத் தட்டுவது கேட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியவந்திராது. படியேறி மேலே போனேன்.

"மெசினிலை பிழையில்லை அன்ரி. நான் போட்ட ஃபில்ரர்தான் காத்தை மறிச்சது. பட்டியலிலை அது முதலிலையே இருந்தது. நான் உங்களுக்கு வாசிக்கேல்லை."

அன்ரி விரலை மடக்கினார். "மூண்டு நாளாக் கோட்டோடை நிண்டு புட்டு அவிச்சனான்!" விற்பனையாளனை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "போய் மெல்லிசா ஒண்டு வாங்கிக்கொண்டு வா. பெரிய படிப்பு."

கடைக்காரரிடம் இந்த முறை ஃபேர்னஸின் வயதைச் சொன்னேன். எட்டாம் இலக்கத்தைத் தந்தார்.

ஞாயிறன்று மிளகாய் வறுத்தபடி அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஃபேர்னஸ் இரையத் தொடங்கியது. "அங்கை மழையோ பிள்ளை?" என்றார்.

"இல்லையப்பா, மெசின் சத்தம்."

சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதிலிருந்து எனக்கும் அது எங்கள் தகரக் கூரையில் விழும் மழையாகவே கேட்கிறது. யன்னலின் பாதியைப் பனி மூடியிருந்தது. மேலே அன்ரி தும்மினார்.