மாமா வாங்கிய வெள்ளைப் படகு

போன வாரம் என் மகன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பழைய பாய்மரப் படகு, விற்பனைக்கு. கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கப் போகிறார்களாம். "ஃபைபர்மா, ஒண்ணும் ஆகாது" என்றான். இதே சமாதானத்தை நான் ஆறாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன்.

அப்போது சொன்னவர் என் தாய்மாமா. சுனாமிக்குப் பத்து ஆண்டுகள் முந்தைய கதை. திருவொற்றியூர் குப்பத்தில் ஃபைபர் போட் வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், யாரோ பணக்காரர் கழித்துவிட்ட உல்லாசப் படகு ஒன்றைக் காயலான் கடையில் பார்த்து மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை உடம்பு, நெடிய பாய்மரம், உள்ளே இரண்டு பேர் படுக்க ஓர் அறை. குப்பமே கூடி வேடிக்கை பார்த்தது. படகின் அடிவயிற்றில் மட்டும் கனத்த இரும்பு ஒன்று இறக்கைபோலத் துருத்திக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு அதுதான் உறுத்தல். எங்கள் கரையில் படகென்றால் அலையோடு வந்து மணலில் ஏறி உட்கார வேண்டும். இந்த இரும்போடு எப்படி ஏறும்?

"சொறாவுக்கு ரெக்க முதுவுல கீது, இதுக்கு வயித்துல கீது! கயட்டிக் கடாசு" என்றார். மரையாணிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, இரும்பைக் காயலான் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மா ஒருத்திதான் கத்தினாள். "டேய், அத்த வச்சவன் இன்னா லூசா? எதுக்குனா தானடா வச்சிருப்பான்?"

"யக்கா, நீ கொழம்பப் பாரு. போட்ட நான் பாத்துக்கறேன்."

துறைமுகத்தில் குமாஸ்தா, இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர், அப்பாவாவது தடுத்திருக்கலாம். அவரோ தேய்த்த பேண்ட் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஏறி, என்னையும் தூக்கி உட்காரவைத்தார்.

மோட்டாரில் போனவரை சுகமாகத்தான் இருந்தது. பிறகு மாமா பாயை ஏற்றினார். காற்று பிடித்தது. படகு மெதுவாக, தூக்கம் வந்தவரைப் போல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிரவேயில்லை. சாய்கிற படகை நிமிர்த்தத்தான் அந்த இரும்பு. அது காயலான் கடையில் கிடந்தது.

பாய் என்னை மூடிக்கொண்டது. ஈரத்துணிக்கு அடியில் மூச்சுக்குத் தவித்தது இன்றும் கனவில் வரும். மாமாதான் முழுகி, தடவித் தேடி, என் காலைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் மூவரையும் கரைசேர்த்தார்கள். படகையும் கட்டி இழுத்துவந்தார்கள்.

அம்மா யாரையும் திட்டவில்லை. என் தலையைத் துவட்டினாள். அப்பாதான் பேசினார்: "அடுத்த வாட்டி அடியில மணல் மூட்ட வச்சிட்டா சரியாப் பூடும் மாப்ள."

அம்மாவின் கை நின்றது. திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அம்மா கரையோரம் கிடந்த படகில் ஓங்கிக் குத்தினாள். படகு அலையில் ஆடியபோது, ஆடாமல் மாமாவே பிடித்துக்கொண்டார்.

நான் கதறினேன். அறை வைத்த படகு போயிற்றே என்ற அழுகை. அம்மாவோடு நெடுநாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆசைப்பட்டு வாங்கியதை உடைக்க மாமாவே ஏன் கடப்பாரையை நீட்டினார் என்பது மட்டும் விளங்கவேயில்லை. தண்ணீருக்குள் என் காலைத் தேடி அலைந்த கை அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.