மாமா கைதட்டிய படம்

டிவியில் குதிரைக் குளம்பொலியும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டதும், மாமா பூசும் ஜவ்வாது வாடை மூக்கில் ஏறியது. அம்மாவின் அண்ணன் அவர். ஆனைமலை அடிவாரத்தில் மலைசனங்களின் குடிசைகளைப் பிய்த்தெறிந்துவிட்டுக் காப்பித் தோட்டம் போட்டவர். எனக்கு ஒன்பது வயதில், என்னையும் அம்மாவையும் கோயமுத்தூருக்கு இங்கிலீஷ் படம் பார்க்கக் கூட்டிப்போனார்.

குடியேறிய வெள்ளைக்காரர்களின் மரவீட்டை அப்பாச்சி இனச் செவ்விந்தியர்கள் சத்தமின்றிச் சூழ்ந்தார்கள். கொட்டகையே மூச்சடக்கியிருந்தது. முதல் செவ்விந்தியன் சுடப்பட்டு விழுந்ததும் மாமா எழுந்து கைதட்டினார்.

"ஏனுங்கண்ணா, அது அவிய மண்ணுதானுங்களே?" என்றாள் அம்மா.

"சும்மா கெடந்த காடு அம்மணி. திருத்துனவனுக்குத்தான் சொந்தம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பாதிப் படத்தில் வெளியேறினாள். பஸ்ஸில் ஏறியதும் சொன்னாள். "இனி அந்தாளை மாமான்னு கூப்புடாத கண்ணு."

நான் கூப்பிடவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.