மூடுபனி விலகும் நேரம்

படகுத்துறையில் இருபது வருடமாக ஏரித் தண்ணீரின் குளிரை அளந்து நோட்டில் எழுதிவருகிறவள் அக்கா. வானொலியில் வானிலை சொல்கிறவள் அவளுடைய தங்கை. படகோட்டிகள் அக்காவின் எதிரில் நின்றுகொண்டே, "உன் தங்கச்சி இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்பார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிர்காலம் முடியப்போகிற ஒரு காலை. மூடுபனி ஒன்பது மணிக்கு விலகிவிடும் என்று தங்கை அறிவித்திருந்தாள். விலகவே கூடாது என்று அக்கா உள்ளூர வேண்டிக்கொண்டாள். எட்டரைக்குத் தங்கையே போன் செய்தாள்.

"அக்கா, பனி நகரவே இல்லையாமே? தண்ணி எத்தனை டிகிரி இருக்கு? நீ சொன்னாத்தான் நான் நேரத்தை மாத்திச் சொல்ல முடியும்."

இரண்டு டிகிரி கூட்டிச் சொன்னால் போதும், தங்கையின் கணக்கு தப்பிவிடும், ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் அக்கா இரண்டு தடவை அளந்து, "நாலு புள்ளி மூணு" என்றாள்.

வானொலி நேரத்தைப் பத்தேகாலுக்குத் தள்ளியது. அதே நேரத்துக்கு எதிர்க்கரை பளிச்சென்று தெரிந்தது.

"பத்து மணிக்கு விலகும்னுச்சு, விலகிடுச்சு! உன் தங்கச்சி கில்லாடிதான்க்கா" என்றான் ஒரு படகோட்டி.

"பத்தேகால்னு சொன்னா" என்றாள் அக்கா வெடுக்கென்று. "அவ சொன்னதைத் திருப்பிச் சொல்றதுன்னா, ஒழுங்கா சொல்லு."